கடலுக்கடியில் சிபி ரீடிங்: எண் நன்றாக இருந்தால் போதுமா?

கேள்வி: 2023 நவம்பர் 3, இரவு 9.12

அண்ணா, அரபிக்கடலில் மும்பை ஹை எண்ணெய் வயல் பக்கம் ஒரு பிளாட்பார்முக்கு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் பார்க்கும் வேலை எனக்கு. மூன்று வருட சிபி ரீடிங் (கத்தோடிக் புரொடெக்சன், அதாவது கடலுக்கடியில் இரும்பு அரிக்காமல் மின்னோட்டத்தால் காக்கிற முறையின் அளவு) கையில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லாப் புள்ளியிலும் -950 முதல் -1040 மில்லிவோல்ட். -800 தாண்டினால் போதும் என்றுதானே விதி? மூன்று வருடமாக எண் அசையவே இல்லை. அப்புறம் எதற்கு ஒவ்வொரு சீசனும் கப்பல், டைவர், ஆர்ஓவி (கப்பலிலிருந்து இயக்குகிற கடலடி இயந்திரம்) என்று இவ்வளவு செலவு? ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதாதா?

நவம்பர் 3, இரவு 11.05

போதாது தம்பி. எண் அசையவே இல்லை என்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது.

-800 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். எந்தப் பாதுகாப்பும் இல்லாத சாதாரண இரும்பைக் கடலில் இறக்கி, வெள்ளி-வெள்ளி குளோரைடு ரெஃபரன்ஸ் செல் (ஒப்பிட்டு அளக்க உதவும் மின்முனை) வைத்து அளந்தால் -600, -650 என்று காட்டும். அப்போது அது துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. அதோடு ஒரு அலுமினிய அனோடை (இரும்புக்குப் பதிலாகக் கரையும் கட்டி) வெல்டு செய்தால், அலுமினியம் தான் கரைந்து மின்னோட்டம் கொடுக்கும். இரும்பின் மைனஸ் கூடும். -800ஐத் தாண்டிவிட்டால் அரிப்பு கணக்கில் எடுக்க வேண்டாத அளவுக்குக் குறைந்துவிடும். அனோடு தானே -1050 பக்கம் நிற்பதால், நல்ல நிலையில் உள்ள ஜாக்கெட் (பிளாட்பார்மைத் தாங்கிக் கடலுக்குள் நிற்கிற இரும்புச் சட்டம்) -900க்கும் -1050க்கும் இடையில் எங்காவது இருக்கும்.

இதில் சிக்கல் என்னவென்றால், அனோடு புத்தம் புதிதாக இருக்கும்போதும் -1000 வரும். பாதி கரைந்த பிறகும் கிட்டத்தட்ட அதே எண்தான். முக்கால்வாசி போனபிறகும் பெரிதாக மாறாது. வீட்டு கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் வரை தீ ஒரே மாதிரிதான் எரியும். சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறவருக்குத்தான் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். உங்கள் கையில் இருப்பது தீயின் அளவு மட்டும். அனோடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அதே ரிப்போர்ட்டில் வேறு பக்கத்தில் எழுதியிருப்பார்கள். அதைத் தேடி எடுங்கள்.

நவம்பர் 4, காலை 6.30

ராத்திரி எழுதியதில் பாதியை விட்டுவிட்டேன். அனோடைப் பார்ப்பது என்றால் எப்படிப் பார்ப்பது?

வேலை செய்கிற அனோடு அழகாக இருக்காது. மேலெல்லாம் குழி குழியாக, புழு அரித்த பனங்கட்டை மாதிரி இருக்கும். அதன்மேல் வெள்ளையாக, சுண்ணாம்புக் களி போல ஒரு படிவு. டைவர் கையுறையால் தடவினால் புகை மாதிரி கலைந்து தண்ணீரில் போகும். இதைப் பார்த்தால் நிம்மதி. மாறாக, வார்ப்பில் வந்த விளிம்பு கூர் மாறாமல், மேலே சிப்பியும் பாசியும் நன்றாக வளர்ந்து நிற்கிற அனோடைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். கரைகிற உலோகத்தின்மேல் சிப்பி நிலையாக ஒட்டுவது கஷ்டம். அப்படியானால் அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. வெல்டு விட்டிருக்கலாம், அல்லது உலோகக் கலவையே சரியில்லாமல் இருக்கலாம்.

கரைந்த அளவை வழக்கமாகக் கால் கால் பங்காகப் பிரித்து எழுதுவார்கள்: 25 சதவீதத்துக்குக் கீழே, 25-50, 50-75, 75க்கு மேல். முக்கால் பங்கு போய்விட்டால் அனோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 4, இரவு 10.20

கணக்கு கேட்டு ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். எல்லோருக்கும் உதவும் என்று இங்கேயே போடுகிறேன்.

அலுமினியம்-துத்தநாகம்-இண்டியம் கலவை அனோடு, நிகர எடை 300 கிலோ என்று வைப்போம். டிஎன்வி என்ற தரநிர்ணய அமைப்பின் பி401 விதிப்படி டிசைனுக்கு ஒரு கிலோவுக்கு 2000 ஆம்பியர்-மணி எடுக்கலாம். முழுக்கக் கரையாது, 90 சதவீதம்தான் பயன்படும். 300 × 2000 × 0.9 = 5,40,000 ஆம்பியர்-மணி. 25 வருடத்துக்கு 2,19,000 மணி நேரம். வகுத்தால் சராசரி 2.5 ஆம்பியர். மும்பை ஹை மாதிரி வெதுவெதுப்பான கடலில், 30 முதல் 100 மீட்டர் ஆழத்தில், பெயின்ட் இல்லாத வெற்று இரும்புக்குச் சதுர மீட்டருக்குச் சராசரி 60 மில்லிஆம்பியர் வேண்டும். ஆக அந்த ஒரு அனோடு சுமார் 40 சதுர மீட்டர் இரும்பை 25 வருடம் காக்கும். பெரிய ஜாக்கெட்டில் ஏன் நூற்றுக்கணக்கில் அனோடு தொங்குகிறது என்பது இப்போது புரியும்.

இரும்பு தானே அரித்தால் எவ்வளவு போகும்? 1 ஆம்பியர் ஒரு வருடம் ஓடினால் சுமார் 9 கிலோ இரும்பு. அதுவும் சீராகப் போகாது. வெல்டு ஓரத்தில், குழியாகப் போகும்.

நவம்பர் 6, மதியம் 1.15

நாலாம் தேதி காலையில் எழுதியதைத் திருத்துகிறேன். முக்கால் பங்கு போனால் முடிந்தது என்று பொதுவாகச் சொல்லியிருக்கக் கூடாது. ஜாக்கெட்டிலிருந்து தள்ளி நிற்கிற நீளமான அனோடு 90 சதவீதம் வரை உழைக்கும். அன்று இரவு போட்ட கணக்கிலும் நானே 0.9 தான் எடுத்திருக்கிறேன். இரும்போடு ஒட்டிப் பொருத்திய தட்டை அனோடுக்குத்தான் 80 முதல் 85 சதவீதம். பைப்லைனைச் சுற்றிக் காப்பு போல மாட்டுகிற வளைய அனோடுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே 75க்கு மேல் என்ற கட்டத்தில் ஒரு அனோடு வந்தால் பதற வேண்டாம், அடுத்த சீசனில் அதை முதலில் பாருங்கள். ஒரே காலில் பல அனோடு அந்தக் கட்டத்துக்கு வந்திருந்தால் உடனே மேலே சொல்லுங்கள்.

நவம்பர் 9, இரவு 11.50

தம்பி மூன்று வருட லாக் ஷீட்டில் சில பக்கங்களை அனுப்பியிருக்கிறார். பார்த்ததும் பழைய நினைவு ஒன்று வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கப்பலில் ஆர்ஓவி அறையில் உட்கார்ந்து திரையில் வருகிற எண்ணை ஷீட்டில் ஏற்றுவது என் வேலை. ப்ரோப் என்பது ஆர்ஓவியின் கையில் பிடித்த ஒரு தடி. நுனியில் கூரான முள், பக்கத்தில் ரெஃபரன்ஸ் செல். முள் இரும்பில் குத்த வேண்டும். அப்போது முள்ளுக்கும் செல்லுக்கும் இடையில் உள்ள வோல்டேஜ்தான் ரீடிங்.

இறக்குவதற்கு முன்னால் டெக்கில் ஒரு வாளி கடல் தண்ணீரில் துத்தநாகக் கட்டியைப் போட்டு முள்ளால் தொட்டுப் பார்த்தோம். -1030. சரியாக இருந்தது. எழுதினேன். இரண்டு நாள் வேலை நடந்தது. இரண்டு கால்கள், குறுக்குக் குழாய்கள், கன்டக்டர்கள் (எண்ணெய்க் கிணறுகளின் வெளிக்குழாய்கள்) என்று நாற்பது புள்ளிக்கு மேல் எடுத்தோம். எல்லாம் -1010, -1020, -1015. எனக்கு ஒரே சந்தோஷம். எண்கள் கோடு போட்ட மாதிரி வந்துகொண்டிருந்தன.

மூன்றாம் நாள் ஷிஃப்ட் மாறியபோது வந்த மூத்த சூப்பர்வைசர் என் ஷீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆர்ஓவியை ஓட்டுகிற பைலட்டிடம், "எதையும் தொடாமல் நடுத்தண்ணீரில் நிறுத்து" என்றார். நிறுத்தினார்கள். திரையில் -1020.

தண்ணீரைக் குத்தினாலும் -1020!

விஷயம் இதுதான். ப்ரோப்பின் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கி, முள்ளின் கம்பி ஆர்ஓவியின் சட்டத்தோடு ஷார்ட் ஆகியிருந்தது. அந்தச் சட்டம் துருப்பிடிக்காமல் இருக்க அதிலேயே துத்தநாக அனோடு மாட்டியிருப்பார்கள். ஆக இரண்டு நாளாக நாங்கள் அளந்தது ஆர்ஓவியின் சொந்தத் துத்தநாகத்தை. வாளியில் தொட்டதும் துத்தநாகம், கடலில் படித்ததும் துத்தநாகம். அதனால் கேலிப்ரேஷனில் பிழை தெரியவே இல்லை. சாதாரணமாக முள் சரியாகப் படாவிட்டால் எண் துள்ளும், அலையும். பைலட் இன்னும் அழுத்திக் குத்துவார். இங்கே ஷார்ட் இருந்ததால் சிப்பியின் மேல் வைத்தாலும் எண் ஆடாமல் நின்றது. யாரும் அழுத்திக் குத்தவில்லை, சுத்தம் செய்யவும் இல்லை.

இணைப்பை மாற்றி, ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சிப்பியைச் சுரண்டிவிட்டு மறுபடி எடுத்தோம். கால்களில் -930 பக்கம். கன்டக்டர்கள் நெருக்கமாக நிற்கிற கைடு சட்டத்தில் -810, -795, -780. என் ஷீட்டில் அந்த இடம் -1015 என்று இருந்தது. என் கையெழுத்தோடு.

அந்த மூன்று எண்களும் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அந்த சூப்பர்வைசர் வராமல் இருந்திருந்தால் அந்த ஷீட்டுதான் ரிப்போர்ட்டாகப் போயிருக்கும். அடுத்த வருடம் யாரோ ஒருவர் அதை எடுத்து வைத்துக்கொண்டு எண் அசையவில்லை என்று சொல்லியிருப்பார். அன்றிலிருந்து ஒவ்வொரு டைவிலும் முதல் வரியாக நடுத்தண்ணீர் ரீடிங்கை எழுதுகிறேன். தம்பி, நீங்கள் அனுப்பிய பக்கங்களில் அந்த வரி இல்லை.

நவம்பர் 10, காலை 7.05

இன்னொன்று. அனுப்பிய பக்கம் ஒன்றில், ஒரு க்ளாம்ப் (குழாயைப் பிடித்து நிறுத்தும் பட்டை) பக்கம் -1180 என்று ஒரு எண் இருக்கிறது. யாரோ பக்கத்தில் "மிக நன்று" என்று எழுதியிருக்கிறார்கள். அலுமினிய அனோடு மட்டும் உள்ள இடத்தில் இரும்பு -1180 வரை போக வழியே இல்லை. கொடுக்கிற அனோடே -1100ஐத் தாண்டாதபோது வாங்குகிற இரும்பு எப்படித் தாண்டும்? பக்கத்தில் ரெக்டிஃபையர் வைத்து மின்சாரம் செலுத்துகிற வேறு ஏதாவது இருந்ததா, கப்பலில் வெல்டிங் நடந்ததா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் செல் கெட்டுவிட்டது. அந்த டைவில் எடுத்த எல்லா எண்ணும் சந்தேகத்துக்குரியவை, அந்த ஒன்று மட்டும் இல்லை.

செல்லை உலர விட்டாலும் இப்படி வரும். சில மணி நேரம் முன்பே கடல் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இரண்டு செல் வைத்து ஒன்றுக்கொன்று ஒப்பிடுவது அதைவிட நல்லது.

நவம்பர் 12

"ஜாக்கெட்டில் எங்கே குத்துவது?" என்ற கேள்விக்கு: அனோடுக்குப் பக்கத்தில் குத்தி மகிழ வேண்டாம். அங்கே எண் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு அனோடுக்கு நடுவில், குழாய்கள் கூடுகிற முடிச்சின் உள்மூலையில், கன்டக்டர் கூட்டத்தின் நடுவில் இருப்பதில், ரைசர் (கடலடியிலிருந்து மேலே ஏறுகிற குழாய்) க்ளாம்பின் உட்பக்கத்தில் குத்துங்கள். மின்னோட்டம் போய்ச் சேரச் சிரமப்படுகிற இடங்கள் அவை.

நவம்பர் 19, ஞாயிறு

இன்றைக்கு ஊரில் இருக்கிறேன், தூத்துக்குடி. துறைமுகப் பக்கம் போனேன். கரையேற்றிய இரும்புப் படகு ஒன்றுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுக்கான் பக்கத்தில் இருந்த புது ஜிங்க் கட்டிகளுக்கும் சேர்த்து சிவப்பு அடித்துவிட்டார் அந்தப் பையன். ஒரே நிறமாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நின்று சொன்னேன்: தம்பி, அது கரையத்தான் இருக்கிறது, அதை மூடினால் சுக்கான்தான் கரையும். படகுக்காரர் வந்து சுரண்டச் சொன்னார். உப்புத்தாள் வைத்து அரைமணி நேரம் தேய்த்தார்கள். சாம்பல் நிறம் வெளியே வந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

இதே வேலை பெரிய யார்டுகளிலும் நடக்கிறது. ஜாக்கெட்டுக்குக் கோட்டிங் அடிக்கும்போது அனோடுக்கு உறை போடாமல் விட்டால் தெறித்துப் படியும். கடலுக்குள் போகும் முன் பார்த்தால் ஒரு மணி நேர வேலை. போனபின் பார்த்தால் ஒரு சீசன்.

இந்த முறைக்கு வயது 200. 1824ல் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் அறைந்திருந்த செப்புத் தகடு அரிக்காமல் இருக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளை அதோடு இணைத்துப் பார்த்தார். செம்பு அரிப்பது நின்றது. ஆனால் செம்பு கரைவதால்தான் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருந்தன. அரிப்பு நின்றதும் அடிப்பாகம் முழுக்கச் சிப்பி ஒட்டி, கப்பலின் வேகம் குறைந்துபோனது. கடற்படை கைவிட்டுவிட்டது. அவர் கணித்தது சரி, செயல்பட்டதும் சரி. இருந்தும் வருத்தத்தில்தான் முடிந்தது. எனக்கு அவர்மேல் ஒரு பாசம் உண்டு.

டிசம்பர் 2

பாம்பன் பாலத்துக்கு ஏன் இப்படி அனோடு மாட்டவில்லை என்று ஒரு அன்பர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அனோடு வேலை செய்ய அதுவும் இரும்பும் ஒரே தண்ணீரில் முழுகியிருக்க வேண்டும். 1914ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் கர்டர்கள் காற்றில் இருந்தவை. உப்புக்காற்றில் அரிக்கிற இரும்புக்குப் பெயின்ட்தான் கதி. நம் பிளாட்பார்மிலும் அப்படியே. அலை அடித்து அடித்து நனைந்து காய்கிற ஸ்பிளாஷ் ஜோனில் சிபி ரீடிங்கை நம்பி ஒன்றும் முடிவு செய்யக் கூடாது. அங்கே தடிமன் அளப்பதும் கோட்டிங்கைக் கண்ணால் பார்ப்பதும்தான்.

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்தில் ஒரு அரிப்புச் சோதனை நிலையம் உண்டு, தூத்துக்குடித் துறைமுகத்திலும் ஒரு மையம் உண்டு. கடலில் உலோகம் என்ன பாடுபடுகிறது என்று நம் தண்ணீரிலேயே பார்த்த அனுபவம் அவர்களிடம் இருக்கிறது. இந்தத் துறைக்கு வர நினைக்கிற மாணவர்கள் அங்கே போய்க் கேளுங்கள்.

2024 ஜனவரி 7

தம்பி மறுபடி: "ஒரு வால்வு ஸ்கிட் (வால்வுகள் பொருத்திய சட்டம்) மட்டும் -820, பக்கத்தில் எல்லாம் -980. அனோடு நன்றாக இருக்கிறது. ஏன்?"

தொடர்பு விட்டிருக்கும். அலுமினிய அனோடு -1050, நமக்கு வேண்டியது -800. நடுவில் இருப்பது கால் வோல்ட். ஒரு டார்ச் பேட்டரியில் ஆறில் ஒரு பங்கு! இந்தக் கால் வோல்ட்டை வைத்துத்தான் 25 வருடம் ஓட்டுகிறோம். போல்ட் போட்ட ஒரு இணைப்பில், பெயின்ட் இடையில் மாட்டி, 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். அதன் வழியாக 2.5 ஆம்பியர் போக வேண்டுமென்றால் 0.25 வோல்ட் அங்கேயே தின்றுபோகும். மிச்சம் பூஜ்யம். அதனால்தான் வெல்டு செய்யாத ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாகக் கேபிள் போட்டு, 0.1 ஓமுக்கு மேல் வராமல் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த ஸ்கிட்டின் இணைப்புக் கேபிளை வீடியோவில் தேடிப் பாருங்கள். கேபிள் முனையில் உள்ள லக் துருப்பிடித்திருக்கும், அல்லது கேபிளே இருக்காது.

ஜனவரி 8

"அப்படியானால் மைனஸ் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லதா?" சாதாரண ஜாக்கெட் இரும்புக்கு -1050 பிரச்சினை இல்லை. ஆனால் இரும்பின் மேல் ஹைட்ரஜன் உருவாகிறது என்பதை மறக்கக் கூடாது. மிக வலுவான போல்ட், டூப்ளெக்ஸ், சூப்பர் டூப்ளெக்ஸ் என்ற துருப்பிடிக்காத எஃகு வகைப் பாகங்களில் அது உள்ளே புகுந்து, இழுவிசை இருக்கும் இடத்தில் விரிசல் விடும். ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளுக்கு மேற்கே ஃபொய்னாவென் எண்ணெய் வயலில் 1990களின் நடுவில் கடலடி மேனிஃபோல்டின் (பல குழாய்கள் ஒன்றுசேரும் அமைப்பு) சூப்பர் டூப்ளெக்ஸ் ஹப்கள் (இணைப்பு முனைகள்) அப்படித்தான் விரிசல் விட்டன. அரிப்பைத் தடுக்கப் போட்ட அதே சிபிதான் ஹைட்ரஜனையும் கொடுத்தது. பின்னால் டிஎன்வி இதற்கென்றே எஃப்112 என்ற வழிகாட்டியைக் கொண்டுவந்தது. கடலடிக் கருவிகளில் எந்த போல்ட் எந்த உலோகம் என்ற பட்டியல் இல்லாமல் ரீடிங்கை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்லாதீர்கள்.

பிப்ரவரி 11, இரவு 10.40

தம்பியிடமிருந்து செய்தி. இந்த சீசனில் முதல் வரியாக நடுத்தண்ணீர் ரீடிங் எழுதச் சொல்லியிருக்கிறார். -210லிருந்து -340 வரை அலைந்ததாம். அப்படித்தான் அலைய வேண்டும். முள் எதையும் தொடவில்லை என்று அர்த்தம். துத்தநாகக் கட்டியில் டைவுக்கு முன் -1032, பின் -1029. மனம் நிறைந்தது.

கால்களில் -960, -945. போன வருடம் -1020 என்று இருந்த இடங்கள். கன்டக்டர் கைடில் இன்னும் எடுக்கவில்லை. ஸ்கிட்டில் கேபிளின் ஒரு முனை தனியாகத் தொங்குவது வீடியோவில் தெரிகிறது, படம் அனுப்பியிருக்கிறார். வெறும் செப்புக் கம்பிகள், முனை பச்சையாக.

பிப்ரவரி 12, காலை 5.50

தூக்கம் வரவில்லை. அந்த 960ஐப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். -1020லிருந்து -960 என்பது ஒரே வருடத்தில் இறங்கியதா, அல்லது போன வருட எண்ணே பிழையா? ஐந்து வருடத்துக்கு முந்தைய ஷீட் இருந்தால் அதில் நடுத்தண்ணீர் வரி இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. இல்லையென்றால் இந்த வருடத்தையே முதல் வருடமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பழையதோடு ஒப்பிட வேண்டாம்.

ஜூனில் பருவமழை தொடங்கினால் செப்டம்பர் முடியும் வரை டைவருக்கு வேலை இல்லை. கன்டக்டர் கைடை மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் டெக்கிலிருந்தே கேபிளில் செல்லைக் காலோரம் இறக்கி எடுக்கலாம். நீரோட்டம் செல்லைத் தள்ளிக்கொண்டு போகும். கேபிளில் ஐந்து ஐந்து மீட்டருக்கு அடையாளம் கட்டி, அடியில் எடை போடுங்கள்.

மார்ச் 3

கன்டக்டர் கைடு: -842, -836, -851. நடுக் கன்டக்டர்: -819. நான்கையும் இரண்டு முறை எடுத்திருக்கிறார்கள், சிப்பி சுரண்டி. அனோடு 75க்கு மேல் என்று மூன்று எண்ணிக்கை, மூன்றும் அதே பக்கம்.

படங்களைப் பார்த்தேன். மேலேயிருந்து இரண்டாவது அனோடில் நடுவில் உள்ள இரும்புக் குழாய் வெளியே தெரிகிறது. கூடுதல் அனோடு போட வேண்டும் என்று மேலே எழுதுங்கள் தம்பி. கடலடியில் அனோடுகளின் தொகுப்பு ஒன்றை இறக்கி, கேபிளை ஜாக்கெட்டோடு க்ளாம்ப் செய்கிற முறையில் போகலாம், ஒவ்வொன்றாக வெல்டு செய்ய வேண்டியதில்லை. கடிதத்தில் இந்த நான்கு எண்ணையும், பக்கத்திலேயே நடுத்தண்ணீர் ரீடிங்கையும் துத்தநாக ரீடிங்கையும் போடுங்கள். வரைவு அனுப்பினால் இன்றிரவே பார்த்துத் தருகிறேன்.